ஒழிக்க வேண்டிய செடிகள்

பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து அரங்கம்.
வலைக்கு நேர் கீழே என் மேசை.
பேசுவதை அப்படியே தட்டச்சு செய்வது என் வேலை;
காது உண்டு, கருத்துக் கிடையாது.

வனத்துறைத் திட்டம், பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு:
அயல் தாவரங்கள், ஒழிக்கும் முறை,
மருந்தின் பெயர், ஏக்கருக்கு எத்தனை காலன்.
வரிசை எண் பதினேழில்
ஒரு நீலப்பூக் கொடி.
நித்தியகல்யாணிக்குத் தங்கை முறை.
ஃபாரோ முகட்டில் அதற்குப் பெயர்
கல்லறைக் கொடி.

கிரெட்சன் ஹாலவெல் தாவரவியல் படித்தவர்.
பொய் சொல்லவில்லை.
அந்தக் கொடி பாய் விரித்த இடத்தில்
காட்டு லில்லி வராது,
ஓக் கன்று தலை தூக்காது.
'கல் நிற்கும் இடத்தைத் தொடமாட்டோம்.
எண்ணிவிட்டோம். கற்கள் பத்தொன்பது.'

கல் வாங்க எவனிடம் காசு இருந்தது?

இது நான் சொன்னதல்ல.
மூன்றாம் வரிசையில், கை தூக்காமல், ஒருவர்.
விதிப்படி எழுதினேன்:
அடையாளம் தெரியாத குரல்.

ஆளுக்கு மூன்று நிமிடம்.
ஆர்விஸ் லெட்பெட்டர், மர லாரி ஓட்டுகிறவர்,
நாலாய் மடித்த தாளைப் பிரித்தார்.
வணக்கம் சொல்லவில்லை.
'கோயில் கதவிலிருந்து கிழக்கே' என்றார்.

கதவு ஏது?
முகட்டை அரசு வாங்கிய ஆண்டே
அந்தக் கோயிலைப் பலகை பலகையாய்க் கழற்றி
ஏலத்தில் விட்டாயிற்று.
இரண்டு படிக்கல் மிச்சம்.
இல்லாத கதவிலிருந்து அடி எண்ணி நடந்தார் ஆர்விஸ்,
ஒலிபெருக்கி முன் நின்றபடியே.

'முதல் வரிசை. ஹெஸ்டர் க்ரோடர்.
பக்கத்தில் அவள் பிள்ளை.
பக்கத்தில், பெயர் வைக்குமுன் போன இன்னொன்று.
மரம் சாய்ந்து செத்த டாஸ் பிர்ட்வெல்.
அப்புறம் லூதர் ஸ்பிவியின் கால்.
ரம்ப ஆலையில் போன கால். அது மட்டும்.
ஆள் மிசௌரியில் செத்தார்,
கால் இங்கே இருக்கிறது.'

சிரிப்பு, என்று அடைப்புக்குறிக்குள் எழுதினேன்.

மணி அடித்தது.
ஆர்விஸ் தாளைப் பின்னால் நீட்டினார்.
ஓலெட்டா மேய்ஸ் வாங்கி,
'இரண்டாம் வரிசையில் பாதி' என்று தொடர்ந்தாள்.
அவளுக்கும் மணி.
தாள் அடுத்த கைக்கு,
அதற்கடுத்த கைக்கு.
யாரும் திட்டத்தைத் திட்டவில்லை.
என் படிவத்தில் இரண்டே கட்டம்: ஆதரவு, எதிர்ப்பு.
ஒன்பது பேருக்கு இரண்டும் காலி.

ஏழாம் வரிசை வந்தபோது
வாசித்தவன் தபால்காரன் எம்மெட்.
'தெரியாது' என்றான்.
'தெரியாது. தெரியாது.
குழந்தை, தெரியாது.
வழிப்போக்கர், ஜுரம், தெரியாது.'
எத்தனை தெரியாது என்று
திரும்ப ஒலிப்பதிவைப் போட்டு எண்ணினேன்.
இருபத்திரண்டு.

முடிவு: தொண்ணூறு நாள் ஒத்திவைப்பு.
ரத்து அல்ல.
நகல் மூன்று, கையொப்பம், முத்திரை.
என் வேலை அதோடு முடிந்தது.

ஏப்ரலில் ஏன் போனேன் என்று கேட்காதீர்கள்,
சம்பளம் இல்லாத நாள் அது.
பூட்டிய கம்பிக் கதவில் வண்டியை நிறுத்தி
இரண்டு மைல் நடை.
முகடு முழுக்க நீலம்.
கிரெட்சன் ஏற்கெனவே அங்கே,
முழங்காலில் சேறு,
இடுப்பில் ஒரு கட்டு ஆரஞ்சுக் கொடிகள்.
தரை ஓர் ஆள் நீளத்துக்குத் தாழ்ந்த இடமாகப் பார்த்து
கொடிமேல் கொடி நட்டுக்கொண்டிருந்தார்.
சில பள்ளங்கள் ஒரு முழம்தான் இருந்தன.
அவற்றுக்குக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்தது.

கட்டுக்கு ஐம்பது.
நடுப்பகலில் கொடி தீர்ந்துவிட்டது.
கொடி தீரவில்லை.
வரைபடத்தின் எல்லைக்கோட்டைத் தாண்டி,
மரம் அடுக்கும் முற்றம் வரைக்கும்
பூத்துக்கொண்டே இறங்கியிருந்தது.

'அங்கேயே நில்லுங்கள்' என்றார் கிரெட்சன்.
நின்றேன்.
தூக்கிய காலை எங்கே வைப்பது என்று தெரியாமல்
கொஞ்ச நேரம் ஒற்றைக் காலில்.